டிஸ்க்கும் பூஸ்டரும் ஏறிய பழைய ஜீப் பிக்கப்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

மகேந்திரா சிஜே-3பி, சிஜே 500, எம்எம் 540. இந்தச் சேஸ்களில் பின்னால் தொட்டி கட்டி ஓடும் பிக்கப்கள் மலையடிவார ஊர்களில் இன்னும் நிறைய இருக்கின்றன. அசலில் நான்கு சக்கரத்திலும் டிரம், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். அதில் முன்னால் டிஸ்க், பூஸ்டர் (வேக்குவம் எனும் உறிஞ்சலால் கால் பலத்தைக் கூட்டுவது), இரட்டை அறை மாஸ்டர் (மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்), பின்னால் கூடுதல் பட்டை, நீள ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு), கேஸ் ஷாக் என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கொஞ்ச நாளில் "முன்னாடி இருந்ததே தேவலை" என்று பட்டறைக்கு வருகிறார்கள்.

புதுச் சாமான் கெட்டுப்போய் வருவது குறைவு. பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் வில்லங்கம். டிரம்முக்குச் செய்த மாஸ்டர் டிஸ்க்கைத் தள்ளும். வேக்குவமே உண்டாக்காத டீசல் எஞ்சினில் வேக்குவம் பூஸ்டர் தொங்கும். வண்டி உயர்ந்திருக்கும், பிரேக் ஹோஸ் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கும். கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், பர்ஸைத் திறக்கவேண்டியது கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கை வைக்கும் முன்

சிஜே வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிய நொடியில் டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பிடி போய்விடும், வண்டி உருளும். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், சேஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் பிரேக் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு வரவேண்டும்.

## அறிகுறி 1: பெடல் கீழே போகிறது

இரண்டு மூன்று மிதியில் மேலே வந்து கெட்டியாகிறது

காற்று என்று நினைத்துப் பாதி டப்பா ஆயிலைக் கொட்டுவார்கள். காற்றாக இருந்தால் மேலே வந்த பெடலும் மெத்தென்றுதான் இருக்கும். கெட்டியாக இருந்தால் எங்கோ இடைவெளி அதிகம் என்று அர்த்தம்.

முதலில் பின் டிரம். பழைய வண்டியில் ஷூ தானாக அட்ஜஸ்ட் ஆகாது. முன்னால் டிஸ்க் மாட்டிய சந்தோஷத்தில் பின்பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சக்கரத்தைத் தூக்கி, பின் தட்டில் இருக்கும் அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை திருப்பி, லேசாக உரசி ஓடும் அளவுக்குத் திரும்பத் தளர்த்துங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிட்டது.

அடுத்து முன் வீல் பேரிங். பிளே இருந்தால் டிஸ்க் ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். மேடு பள்ளத்தில் ஓடிய உடனே பெடல் இறங்குகிறது, நல்ல ரோட்டில் சரியாக இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், பேரிங்தான்.

காலையில் முதல் மிதி மட்டும் கீழே போகிறதா? மாஸ்டர் ஃப்ளோருக்கு அடியில் இருக்கும் வண்டியில் காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) அதைவிட உயரமாக அமைந்துவிட்டால், நின்ற நேரத்தில் ஆயில் மாஸ்டருக்கே இறங்கிவிடும். முன் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் 2 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு ஒன்று போட்டால் தீரும். டிரம்முக்கு உரியது 10 பி.எஸ்.ஐ. வால்வு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், ஒன்றில்லை. பத்தை டிஸ்க் லைனில் போட்டால் அறிகுறி 3-க்கு வந்து சேருவீர்கள்.

எப்போதும் ஸ்பான்ஜ் மாதிரி இருக்கிறது

இது காற்று. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் போகவில்லை என்றால் குனிந்து காலிப்பரைப் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேல் நுனியில் இருக்கவேண்டும். வேறு வண்டியில் கழற்றிய செட்டை மாட்டும்போது இடதும் வலதும் மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். அப்புறம் ஆயில்தான் வருமே தவிர, மேலே தங்கிய காற்று வராது. காலிப்பரை இடம் மாற்றி மாட்டுவதே மருந்து.

நிப்பிள் சரியான இடத்தில் இருந்தால், மாஸ்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்கி வரிசையாக ஏர் எடுங்கள். புது மாஸ்டர் என்றால் வைஸில் பிடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றவேண்டும்.

அப்படியும் மெத்தென்று இருந்தால் ஒருவரை மிதிக்கச் சொல்லி ரப்பர் ஹோஸைக் கையால் பிடியுங்கள். பழைய ஹோஸ் ஊதுவது விரலுக்கே தெரியும். ஒன்று போனால் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

மிதித்துப் பிடித்தால் மெதுவாக இறங்குகிறது

வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். பைப் இணைப்புகள், பின் டிரம்மின் உட்பக்கம், காலிப்பர் என்று ஈரம் தேடுங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் டேங்கில் பிரேக் ஆயில் மட்டும் குறைகிறது என்றால், மாஸ்டரின் இரண்டு நட்டைக் கழற்றி பூஸ்டர் முகத்தைப் பாருங்கள். மாஸ்டரின் பின் சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஆயிலும் குறையவில்லை, ஈரமும் இல்லை என்றால் மாஸ்டருக்குள்ளேயே வாஷர் தேய்ந்து கசிகிறது. உள்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் வாஷர் கிட் போட்டு நாளைக் கடத்தாதீர்கள், முழு மாஸ்டரும் புதிதாக வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் பெடல் நீளமாகவே போகிறது

மாஸ்டர் விட்டம் காலிப்பருக்குப் போதவில்லை. பெரிதாக மாற்றலாம், ஆனால் கணக்கோடு. 7/8 அங்குலத்திலிருந்து 1 அங்குலத்துக்குப் போனால் பிஸ்டன் பரப்பு 30 சதவீதம் கூடும். பெடல் பயணம் குறையும், காலுக்குக் கனமும் அதே அளவு கூடும். பூஸ்டர் இல்லாத வண்டியில் இதைச் செய்தால் வீட்டுப் பெண்களோ வயதானவர்களோ ஓட்டமுடியாது. இந்த முடிவை பிரேக் வேலை மட்டுமே செய்பவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 2: பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

பூஸ்டரே போடாமல் டிஸ்க் மட்டும் மாற்றியிருந்தால் இது கோளாறே இல்லை. டிரம் ஷூ சுழற்சியில் தானே இறுகிக்கொள்ளும், டிஸ்க் பேடுக்கு அந்த உதவி கிடையாது. காலில்தான் முழு பலமும் வரவேண்டும். பூஸ்டர் போடுவதைத் தவிர வழியில்லை.

பூஸ்டர் இருந்தால் இப்படிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை பெடலை அடியுங்கள். பிறகு மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள்.

- பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. குறை பேடிலோ காலிப்பரிலோ இருக்கிறது.
- அசையாமல் நின்றால் வேக்குவம் வரவில்லை.

வேக்குவம் வராததற்கு முதல் காரணம் ஹோஸ். கையில் கிடைத்த டீசல் ஹோஸை மாட்டியிருப்பார்கள், அது உறிஞ்சலில் சப்பிவிடும். கெட்டியான வேக்குவம் ஹோஸ்தான் வேண்டும். அடுத்து செக் வால்வு. அதை வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டுமே காற்று போகவேண்டும். பிறகு பம்ப். டீசல் எஞ்சினின் இன்டேக்கிலிருந்து வேக்குவம் எடுத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்ப் கட்டாயம். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில் போகும் சின்னக் குழாயும் திரும்பிவரும் குழாயும் திறந்திருக்கவேண்டும். ஆயில் போகாத பம்ப் உள்ளே தேய்ந்து சீக்கிரமே ஜாம் ஆகும். கேஜ் வைத்துப் பார்த்து 500 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் பம்ப் வேலைக்கு ஆள் தேவை.

காட்டும் அளவு நன்றாக இருந்து, மிதிக்கும்போது உள்ளே "ஸ்ஸ்" என்ற சத்தம் நிற்காமல் வந்தால் பூஸ்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதைப் பிரித்து ஒட்டுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 3: பிரேக் விடவில்லை, சக்கரம் கொதிக்கிறது

இறங்கியதும் ரப்பர் தீய்ந்த வாடை, வண்டி இழுவையில் சோர்வு, மைலேஜ் குறைவு. காரணம் ஐந்து இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். காலிப்பரைப் பிரிக்கும் முன்பே எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பெடலின் ஃப்ரீ பிளே. கையால் அழுத்தினால் எதிர்ப்பு வருவதற்கு முன் அரை அங்குலம், அதாவது சுமார் 13 மி.மீ., சும்மா போகவேண்டும். இது இல்லை என்றால் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை, ஆயில் டேங்குக்குத் திரும்பும் ஓட்டை மூடியே இருக்கிறது. ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, கால் வைக்காமலே பிரேக் பிடிக்கும். பெடல் ராடு நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

அதில் குறையில்லை என்றால் வண்டியை ஓட்டி, பிரேக் பிடித்துக்கொண்ட நிலையிலேயே நிறுத்துங்கள். ஆறவிடவேண்டாம், ஆறினால் தானே விட்டுவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்ற வராததை உறுதிசெய்துகொண்டு, இந்த வரிசையில் போங்கள்:

1. பூஸ்டரிலிருந்து மாஸ்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் இரண்டு மூன்று மி.மீ. தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் பூஸ்டர் முனை ராடு நீளம் அதிகம்.
2. விடவில்லையா? மாஸ்டரிலிருந்து புறப்படும் பைப் நட்டைத் துணி பிடித்து அரைச் சுற்று தளர்த்துங்கள். விட்டால் குற்றவாளி மாஸ்டர். டிரம்முக்கான வால்வு உள்ளேயே இருக்கும் பழைய மாஸ்டராக இருக்கலாம்.
3. அதிலும் விடவில்லை, ஆனால் காலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விட்டது என்றால் இடையில் இருக்கும் ஹோஸ் உட்பக்கம் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே பார்க்கப் புதுசு போலவே இருக்கும்.
4. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பரிலேயே குறை. ஸ்லைடு பின் காய்ந்திருக்கும், அல்லது பிஸ்டன் துரு பிடித்திருக்கும்.

தளர்த்திய இடத்திலெல்லாம் காற்று புகுந்திருக்கும், முடித்ததும் ஏர் எடுக்க மறக்காதீர்கள். ஸ்லைடு பின்னுக்கு சாதாரண சேஸ் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிவிடும், பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள்.

டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலோ ஹப் கிரீஸ் உருகி வழிந்திருந்தாலோ, காரணத்தைச் சரிசெய்தாலும் பேரிங், சீல், பேடு மூன்றையும் மாற்றவேண்டிவரும்.

## அறிகுறி 4: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

டயர் காற்று. பிறகு இரண்டு முன் டயரும் ஒரே ரகமா என்பது. பேடில் கிரீஸ், ஆயில் பட்டிருக்கிறதா? பட்ட பேடை பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் தேறாது. இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலிப்பர்தான் பெரும்பாலும் ஜாம் ஆகியிருக்கும். நன்றாக வேலை செய்யும் காலிப்பரைப் பிரித்துப் போட்டு நேரத்தை வீணடிக்காதீர்கள்.

பிரேக் பக்கம் எல்லாம் சரியென்றால் பட்டையைப் பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் பிரேக் போடும்போது அச்சு ஒரு பக்கம் பின்னே நகரும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பில் அளங்கள். வித்தியாசம் தெரிந்தால் யூ போல்ட்டைக் கழற்றாமல் விடை கிடைத்துவிட்டது. பட்டை போட்ட புதிதில் சுமார் 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்காத வண்டிகளில்தான் இது அதிகம் வருகிறது.

## அறிகுறி 5: பின்பக்கம் முதலில் பிடித்து வால் சுற்றுகிறது, அல்லது லோடில் பின் பிரேக்கே இல்லை

காலித் தொட்டியோடு ஈர ரோட்டில் பின் சக்கரம் சறுக்குகிறது என்றால் பின் லைனில் அட்ஜஸ்ட் செய்யும் புரோபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைப்பது) வேண்டும். முன் சக்கரம் ஒரு கணம் முந்திப் பிடிக்கும்வரை திருகுங்கள். சோதிப்பது தார் ரோட்டில் வேண்டாம், மண் மைதானத்தில் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர் கோளாறு இன்னும் ஏமாற்றும். சிலர் புதுப் பிக்கப்பிலிருந்து லோடு உணரும் வால்வைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். அதன் ராடு பின் அச்சோடு இணைந்திருக்கும். பாரம் ஏறி உடல் தாழும்போது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். நீங்கள் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால், முழு லோடிலும் வண்டி காலி என்றே அது நினைக்கும். பின் டிரம் சும்மா சுற்றும், முன் பேடு மட்டும் மாதாமாதம் தேயும். ராடு பிராக்கெட்டைப் புது உயரத்துக்கு நகர்த்தவேண்டும். அழுத்த கேஜ் இருக்கும் பட்டறையில் செய்தால்தான் அளவு சரியாக வரும்.

## அறிகுறி 6: மலை இறக்கத்தில் பிரேக் குறைகிறது

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து மிளகும் பலாவும் ஏற்றி இறங்கும் வண்டிக்கு அடிவாரம் வரும்போது பிரேக் இருக்கிறதா இல்லையா என்பது, கால் என்ன சொல்கிறது என்பதில் தெரியும்.

பெடல் மெத்தென்று தரைக்குப் போகிறது, ஆறினால் திரும்பி வருகிறது. ஆயில் கொதித்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் சேர்ந்தால் 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அந்த அளவுகள் 230, 155. மலைவண்டிக்கு டாட் 4 போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள். டாட் 3-உம் 4-உம் கலக்கலாம். சிலிக்கானில் செய்த டாட் 5 வேறு சாதி, அதைக் கலக்கவே கூடாது.

பெடல் கெட்டியாக, உயரமாகவே இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை. ஆயிலில் குறையில்லை. பேடும் லைனரும் காய்ந்து பிடியை விட்டுவிட்டன. பிரித்தால் மேற்புறம் கண்ணாடி போல மின்னும். மலிவுப் பேடை வீசிவிட்டு நல்லது போடுங்கள். டிரம் உள்விட்டம் லேத்தில் பலமுறை கடையப்பட்டிருந்தால் தகடு மெலிந்து சூட்டைத் தாங்காது, டிரம்மையே மாற்றவேண்டும்.

இரண்டிலும் ஒன்று பொது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டிஸ்க் போட்டாயிற்று என்ற தைரியத்தில் டாப் கியரில் இறங்குபவருக்கு எந்த ஆயிலும் உதவாது.

## அறிகுறி 7: 40–60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது

ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன் சக்கரம் இரண்டும் வெறிபிடித்த மாதிரி ஆடும். நிற்கும் அளவுக்கு மெதுவாக்கினால்தான் அடங்கும். உயர்த்திய ஜீப்களின் தனி வியாதி இது.

கடையில் முதலில் சொல்வது ஸ்டீயரிங் டேம்பர். அதைப் போட்டால் உதறல் மறையும், காரணம் அப்படியே இருக்கும், டேம்பர் தேய்ந்ததும் இன்னும் மோசமாக வரும். கடைசியாக மாட்டவேண்டிய சாமான் அது.

வீல் பேலன்ஸும் டயர் புடைப்பும் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சாணி. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் பிளே இருந்தால் டை ராடு எண்ட். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலம் லேசாக அசைக்க, நீங்கள் ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிளே உள்ளங்கைக்குத் தெரியும். சிஜே-3பியில் முன் கிராஸ் மெம்பரில் இருக்கும், ஸ்டீயரிங் அசைவை டை ராடுக்குத் திருப்பிவிடும் பெல் கிராங்கை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் மறக்கும் இடம் அது.

மூட்டெல்லாம் இறுக்கமாக இருந்தும் உதறினால் கேஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) போயிருக்கிறது. சிஜேயின் அசல் அளவு கேஸ்டர் 3 டிகிரி, டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கும் அளவு) சுமார் 1.2 முதல் 2.4 மி.மீ. ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கும் வண்டியில் நீள ஷேக்கிள் போட்டால் அச்சு முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் குறைந்துவிடும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். இரும்புத் தகடு வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி உடையும். அலைன்மென்ட் மெஷினில் கேஸ்டர் அளந்து, எத்தனை டிகிரி தகடு என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து மாட்டுங்கள்.

ஸ்டீயரிங் ஆர்ம், நக்கிள், காலிப்பர் பிராக்கெட் இவற்றில் வெல்டிங் வைத்திருப்பதைப் பார்த்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டுகூடப் போகாதீர்கள். வேறு வண்டியில் கட்டி இழுத்துப் போங்கள்.

## அறிகுறி 8: புதுப் பட்டை போட்டபின் தூக்கித் தூக்கிப் போடுகிறது

ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கியிருப்பார்கள். ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு பட்டையை அசையவிடாது. தளர்த்தி, சக்கரத்தில் எடை நிற்கும்போது இறுக்குங்கள். முக்கால்வாசி இதோடு முடியும்.

அடுத்து ஷாக் நீளம். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷாக் கடைசிவரை இழுபட்டு நிற்கிறதா, முழுதாக அமுங்கும்போது அடிமுட்டுகிறதா? இரண்டுமே தப்பு. அதே நேரத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு முனைக்கும் திருப்பி பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எப்போதாவது ஒரு டன் ஏற்றுவதற்காக நிரந்தரமாகப் பட்டை அடுக்கினால் காலி வண்டி குதிக்கத்தான் செய்யும். வழக்கமான லோடுக்கு ஏற்ற அளவு போதும். நீள ஷேக்கிள் உயரம் தரும், பாரம் தாங்காது. கூடவே, கட்டமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52 கட்டுப்பாடு வைத்திருக்கிறது. எஃப்.சி. எடுக்கும் வண்டி என்றால் பட்டை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 9: உயர்த்தியபின் அடியில் விம்மல் சத்தம்

வேகம் கூடக் கூட ஏறி, கியரை நியூட்ரலில் போட்டாலும் நிற்காத அதிர்வு என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஷாஃப்ட் முனையில் இருக்கும் கிராஸில் (யுனிவர்சல் ஜாயின்ட்) பிளே இருக்கிறதா என்று கையால் முறுக்கிப் பாருங்கள், ஷாஃப்டின் இரு பாதியிலும் அம்புக்குறி நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றி மாட்டும்போது ஒரு பல் மாறினாலே விம்மும். இரண்டும் சரியென்றால் பினியன் கோணம், அதாவது ஷாஃப்ட் பின் அச்சில் சேரும் கோணம், மாறியிருக்கிறது, ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் லேத் பட்டறையில் கோணம் அளந்துவிட்டு, ஷாஃப்ட் நீளத்தில் கை வைக்கவேண்டுமா, அச்சில் தகடு போதுமா என்று கேளுங்கள்.